குதிரைக்குப் பின்னால் போகாதீர்கள்

ஆடி மாதம் ஈரோடு மாவட்டம் அந்தியூரில் குருநாதசாமி கோயில் திருவிழாவையொட்டிக் குதிரைச் சந்தை கூடும். அங்கே குதிரையோடு பழகியவர்கள் அதன் தோள் பக்கமாக, குரல் கொடுத்துக்கொண்டேதான் நெருங்குவார்கள்.

காரணம் அதன் கண்ணில் இருக்கிறது. கண்கள் தலையின் இரு பக்கமும் அமைந்திருப்பதால், சுற்றிலும் ஏறக்குறைய 350 டிகிரி வரை குதிரைக்குத் தெரியும். ஆனால் வாலுக்கு நேர் பின்னால் தெரியாது. அங்கே திடீரென்று ஏதாவது பட்டால், வேட்டை மிருகம் வந்துவிட்டது என்ற பயத்தில் உதைத்துவிடும்.

கும்மிடிப்பூண்டி சிப்காட், திருவள்ளூர் பக்கம் கல்யாண ஊர்வலத்துக்குக் குதிரை அழைக்கிறவர்கள் கொஞ்சம் யோசியுங்கள். லாரி ஏர்ஹாரன், சரவெடி, வாலருகே செல்போனோடு ஓடும் பிள்ளைகள்... பாவம், அது எவ்வளவுதான் தாங்கும்?

உதைக்கும் முன் பெரும்பாலும் அது எச்சரித்துவிடும். இரண்டு காதும் பின்னால் படியும். வாலை விசிறி அடிக்கும். ஒரு பின்னங்காலை லேசாகத் தூக்கும். உடனே விலகிவிடுங்கள். பின்னால் கடந்தே ஆகவேண்டுமென்றால் 10, 12 அடி தள்ளிப் போங்கள்.

சாதுவான குதிரை புதிதாக உதைக்க ஆரம்பித்தால் சாட்டையை எடுக்காதீர்கள். சேணத்துக்கு அடியில் புண் இருக்கலாம். வயிற்றுவலி என்றால் தன் வயிற்றையே உதைத்துக்கொள்ளும். கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள்.

இங்கிலாந்தில் உதைக்கும் குதிரையின் வாலில் சிவப்பு ரிப்பன் கட்டிவிடுவார்கள். நம் ஊர்வலக் குதிரைக்காரர்களும் அதைச் செய்யலாம். கூடவே, வால் பக்கம் கூட்டத்தை ஒதுக்க ஒரு ஆளையும் நிறுத்திவிடுங்கள்.