ஒரு சொல்லும் ஒரு கேணியும்

யாழ்ப்பாணக் குடாநாட்டின் வடகரையிலே, காங்கேசன்துறைக்கு மேற்கே, கடலை ஒட்டி அமைந்திருப்பது கீரிமலைக் கேணி. அதன் கரையில் நிற்பவனுக்கு ஒருபுறம் உவர்க்கடல், மறுபுறம் நன்னீர். ஆங்கில வழிகாட்டி நூல்கள் இவ்விடத்தைக் ‘கீரிமலை ஸ்பிரிங்ஸ்’ என்று குறிக்கின்றன. அதனை மீண்டும் தமிழாக்கப் புகுவோன், அகராதியில் முதலிற் கண்ட பொருளை எடுத்து எழுதிவிடின், கேணி ‘கீரிமலை வசந்தம்’ ஆகிவிடும். நகைப்புக்கு இடமான பிழைதான்; ஆயினும் அது பிறக்கும் வழியை ஆராய்தல் பயனுடையது.

ஸ்பிரிங் என்பதன் அடிப்பொருள் பாய்தல், துள்ளியெழுதல். ஜெர்மானியர் இன்றும் குதித்தலை ‘ஷ்பிரிங்கன்’ என்றே கூறுவர். நிலத்தைப் பிளந்து நீர் எழுந்தது, அது ஸ்பிரிங். பனிக்காலம் கழிந்து தளிர் எழுந்தது, அப்பருவமும் ஸ்பிரிங். முன்னாளில் அப்பருவத்திற்கு ‘லென்ட்’ என்பதே பெயர்; இன்று அச்சொல் கிறித்தவரின் தவக்காலத்தை மட்டுமே சுட்டும். பருவப்பெயராக ஸ்பிரிங் வேரூன்றியது 16ஆம் நூற்றாண்டிலேதான். அழுத்திய உலோகச்சுருள் துள்ளி மீண்டது, அதுவும் ஸ்பிரிங்.

தமிழன் நீரைக் கண்ட விதம் வேறு. அவன் துள்ளலைக் காணவில்லை, ஊறுதலைக் கண்டான். உள்ளிருந்து மெல்லக் கசிந்து, எடுக்க எடுக்கக் குறையாது நிறைவது ஊற்று. வாயூறுவதும், ஊறுகாய் ஊறுவதும் அவ்வினையே. வள்ளுவர் கல்விக்கு உவமையாகக் கொண்டதும் மணற்கேணியின் ஊறுதலையே. மலையிடத்து நீர்நிலை சுனை. வயலருகே தோண்டியது துரவு. படி கட்டியது கேணி. கீரிமலைக்கு ஊறுதலே பொருந்தும். குடாநாட்டில் வற்றாத பேராறு எதுவுமில்லை. பெய்த மழை சுண்ணக்கல்லின் வெடிப்புகளிற் புகுந்து, நிலத்தின்கீழ் நகர்ந்து, கடலோரத்திலே வெளிப்படுகிறது. அந்நீரைத்தான் ஆடவர்க்கும் பெண்டிர்க்கும் தனித்தனியே கேணி கட்டித் தேக்கியிருக்கின்றனர். (மலை என்பது பெயரளவிலேதான், அங்கிருப்பது தாழ்ந்த கற்கரை. கீரிமுகம் பெற்ற நகுலமுனிவர் இந்நீராடி அம்முகம் நீங்கினார் என்பது ஐதிகம். வடமொழியில் நகுலம் என்பது கீரி. நகுலேஸ்வரம் என்ற கோயிற்பெயரிலும் அக்கீரியே உறைகிறது.)

பருவத்தைப் பெயர்ப்பதோ இன்னும் கடினம். இளவேனில் என்போம். ஆனால் நமது இளவேனில் சித்திரையும் வைகாசியும். யாழ்ப்பாணத்து மண் கொதிக்கும் காலம். பனியுருகி ஆங்கிலேயன் மகிழும் பருவத்தை இச்சொல்லால் உணர்த்திவிட்டதாக ஆசிரியர் எண்ணலாம். வியர்வையைத் துடைத்துக்கொண்டே படிக்கும் மாணவன் எண்ணமாட்டான்.

இரும்புச்சுருளுக்கு இடர் குறைவு. வில் என்ற பழஞ்சொல் கைகொடுத்தது. இலங்கைப் பாடநூல்களில் விற்றராசு என்ற சொல் வழங்குகிறது. நல்ல ஆக்கமே. எனினும், வில்லும் தராசும் புணர்ந்ததைப் பிரித்தறியாத சிறுவன், “ராசு எதை விற்றான்?” என்று கேட்கவும் கூடும்.

1990இல் போரினால் வலிகாமம் வடக்கு மக்கள் ஊரைவிட்டுப் பெயர்ந்தனர். பலர் மீள நெடுங்காலமாயிற்று. அயலூர்களிலும் அந்நிய நாடுகளிலும் பிறந்த பிள்ளைகள் கேணியைப் பெற்றோர் சொல்லால் மட்டுமே அறிந்தனர். ஸ்பிரிங் என்று கேட்ட பிள்ளை நீரை அறியும். கேணி என்று கேட்ட பிள்ளையே படிகளையும், அதில் இறங்கிய பாட்டனையும் அறியும்.

அவ்வாங்கிலச் சொல்லுக்கு இன்னொரு பொருளும் உண்டு. அமாவாசை, பூரணை நாட்களை ஒட்டிக் கடல் மிகுதியாகப் பொங்குவதையும் ஸ்பிரிங் என்ற அடைமொழியாலேயே குறிப்பர். பருவத்திற்கும் அதற்கும் தொடர்பில்லை. தமிழர் அதனை ஓதம் என்ற சொல்லில் அடக்கினர். ஆடி அமாவாசையன்று, கடல் அவ்வாறு பொங்கும் வேளையிலேதான், தந்தையை இழந்தோர் கீரிமலையிற் கூடுகின்றனர். பிதிர்க்கடன் கழித்துக் கடலில் மூழ்கிப் பின் கேணியில் இறங்குவர். வீடு திரும்பியதும், “கேணியிலே தோய்ந்துவிட்டு வந்தோம்” என்பர்.