காலடியில் புகும் நோய்



தோலைத் துளைத்துப் புகும் ஒட்டுண்ணிகளைப் பற்றிப் பேச இலங்கை மலையகத்துக் கொட்டகலையில் கூடியிருக்கிறோம். முதல் கட்டுரை மணல் தெள்ளைப் பற்றியது. நம் மலையில் வேரூன்றாத பூச்சிக்கு இங்கே என்ன வேலை என்று நண்பர்கள் கேட்டார்கள். வேலை இருக்கிறது.

மணல் தெள்ளு ஒரு மில்லிமீட்டர் அளவுதான். பெண் தெள்ளு பாதத்தில், பெரும்பாலும் நகக்கண் ஓரமாக, துளைத்து உள்ளே போகும். இரத்தம் குடித்து ஒன்றிரண்டு வாரத்தில் பட்டாணி அளவுக்கு வீங்கும். முட்டைகள் வெளியே மண்ணில் விழும். அமெரிக்கக் கண்டத்துக்குரிய இந்தப் பூச்சி 1872இல் பிரேசிலிலிருந்து வந்த கப்பலோடு அங்கோலாவில் இறங்கியது. அந்த நூற்றாண்டு முடிவதற்குள் ஆப்பிரிக்காவைக் கடந்து கிழக்குக் கரையை எட்டிவிட்டது. அதைச் சுமந்து போனவை செருப்பில்லாத மனிதக் கால்கள்.

நம் பாட்டன் பூட்டனும் அதே காலத்தில் செருப்பில்லாமல்தான் நடந்தார்கள். தோட்ட வேலைக்குக் கடல் கடந்து வந்து மன்னார்ப் பக்கம் கரையிறங்கி, காட்டுவழியே மாத்தளைக்கு ஏறினார்கள். வழியில் விழுந்தவர்கள் போக, மலைக்கு வந்து சேர்ந்தவர்களோடு குடலில் இரத்தம் உறிஞ்சும் கொழுக்கிப்புழுவும் சேர்ந்தே வந்தது. தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தைச் சுற்றிய ஈரமண்ணில் பெருகியது. அட்டை கடித்தால் இரத்தம் வடிவதைப் பார்க்கலாம். இந்தப் புழுவின் குடம்பி விரலிடுக்கில் நுழைவது கண்ணுக்குத் தெரியாது. சில நாள் அரிக்கும், கொப்புளம் போடும், ஆறிவிடும். அதற்குள் புழு இரத்தத்தோடு நுரையீரலுக்கும், அங்கிருந்து தொண்டை வழியாகக் குடலுக்கும் போய்ச் சேர்ந்துவிடும். அது தோல் வழியாகப் புகுகிறது என்பதையே கெய்ரோவிலிருந்த ஜெர்மன் ஆய்வாளர் ஆர்தர் லூஸ்தான் 1898இல் எடுத்துச் சொன்னார். தவறுதலாக அவர் கையிலேயே குடம்பி நீர் சிந்தியது அதற்கு வழிவகுத்தது.

1916இல் ராக்பெல்லர் நிறுவனத்தார் மாத்தளையில் கொழுக்கிப்புழு ஒழிப்பைத் தொடங்கினார்கள். கீனோபோடியம் எண்ணெயைக் கொடுத்தார்கள். புழு விழுந்தது. தொழிலாளியின் உடம்பில் தெம்பு ஏறினால் வேலை கூடும் என்பதால் துரைமாருக்கு மருந்தில் மனக்குறை இல்லை. புழு முட்டை மண்ணில் சேராதிருக்க மலசலகூடம் கட்டச் சொன்னபோதுதான் செலவுக் கணக்கு குறுக்கே நின்றது. மருந்து குடித்தவர்கள் மறுபடியும் அதே மண்ணில் வெறுங்காலோடு இறங்கினார்கள். புழுவும் மறுபடியும் ஏறியது. நம் மலையகச் சுகாதார வரலாற்றில் நான் அடிக்கடி திரும்பிப் போய் நிற்கும் இடம் இதுதான்.

நான் பத்துக்குப் பன்னிரண்டு அடி லயக் காம்பராவில் பிறந்தவன். எங்கள் அப்பாயிக்கு உள்ளங்கால் முழுக்க வெடிப்பு. கொழுந்து நிறுத்துவிட்டு வந்ததும் இஸ்தோப்பில் உட்கார்ந்து, மண்ணெண்ணெய் விளக்கு வெளிச்சத்தில் காலுக்கு வேப்பெண்ணெய் தடவுவார். முகம் வெளுத்திருக்கும். வயசாகிவிட்டது என்றுதான் நாங்கள் நினைத்தோம். அப்போது அவருக்கு ஐம்பதுகூட ஆகவில்லை. அது கொழுக்கிப்புழு தந்த சோகை என்று மருத்துவம் படித்த பிறகுதான் எனக்குப் புரிந்தது.

இன்று பூச்சி மாத்திரை பள்ளிக்கூடத்திலேயே கிடைக்கிறது. ஆனால் தோலைத் துளைக்கும் இன்னொரு ஒட்டுண்ணியால் வரும் சிரங்கு போகவில்லை. நான் பணிபுரிந்த ஒரு தோட்டத்தில் ஒரே பையனுக்கு ஒரே வருஷத்தில் மூன்று தடவை மருந்து எழுதினேன். மூன்று தடவையும் அவன் திரும்பிப் போனது ஆறு பேர் போர்த்தும் அதே கம்பளிக்குள். முதல் தடவை தொற்றியவருக்கு அரிப்புத் தொடங்கவே 4 முதல் 6 வாரம் ஆகும். பையன் சொறியத் தொடங்கிய அன்று பக்கத்துக் காம்பராவிலும் பூச்சி குடியேறியிருக்கும். லயம் முழுவதற்கும் ஒரே நாளில் மருந்து போட்டிருக்க வேண்டும். நான் போடவில்லை. இன்றும் அது என்னை உறுத்துகிறது.

உலக சுகாதார நிறுவனம் 2017இல் சிரங்கையும் மணல் தெள்ளு உள்ளிட்ட பிற தோல் ஒட்டுண்ணி நோய்களையும் புறக்கணிக்கப்பட்ட வெப்பமண்டல நோய்களின் பட்டியலில் ஒரே வரியில் சேர்த்தது. ஆப்பிரிக்கக் கிராமத்தில் தெள்ளைத் தடுப்பதும் கெட்டித்தரையும் காலணியும்தான். அதனால்தான் அந்தக் கட்டுரையை முதலில் வைத்தோம்.

வாசிக்கப் போகும் கட்டுரைகளைப் பார்த்தேன். நோயாளியின் வயதும் மருந்தின் அளவும் துல்லியமாக இருக்கின்றன. வீட்டுத் தரை மண்ணா சிமெந்தா, ஒரு காம்பராவில் எத்தனை பேர் படுக்கிறார்கள், மலசலகூடம் எவ்வளவு தூரம், தண்ணீர் எங்கிருந்து வருகிறது, இவை எதிலும் இல்லை. வீடு தோட்டத்தின் பேரில் இருக்கும்வரை தரையை மாற்ற அந்தக் குடும்பத்துக்கு உரிமையும் இல்லை. அதையும் எழுதுங்கள். கையில் குறிப்பு உள்ளவர்கள் இன்று மதியத்துக்குள் சேர்த்துவிடலாம். இல்லாதவர்கள் நாளை காலை என்னோடு பக்கத்து லயத்துக்கு வாருங்கள், நடந்தே போகலாம்.

முதல் கட்டுரையாளரை மேடைக்கு அழைக்கிறேன்.