யுத்த நினைவும் நமது கடமையும்
(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



1942ஆம் ஆண்டு ஏப்ரல் 9ஆந் திகதி காலை, சுமார் 130 யப்பானிய விமானங்கள் நமது துறைமுகத்தின்மீது பறந்து வந்தன. நான்கு நாட்களுக்கு முன் கொழும்பைத் தாக்கிய அதே கடற்படையிலிருந்தே அவை வந்தன. கப்பற்பட்டறையிலும் சீனன்குடா விமானத் தளத்திலும் குண்டுகள் விழுந்தன. துறைமுகத்தில் நின்ற சகாயிங் என்னுங் கப்பல் தீப்பற்றியது. ஒரு விமானம் 91ஆம் இலக்க எண்ணெய்க் குதத்தில் மோதி, அதிலிருந்த மூவரும் எரிந்து மாண்டனர். அபாயம் வருமென்று முதல்நாளிரவே இங்கிருந்து வெளியே அனுப்பப்பட்ட ஹேர்மிஸ் என்னும் விமானந்தாங்கிக் கப்பலும் தப்பவில்லை. மட்டக்களப்புக்கு அப்பால் அது மூழ்கியபோது 307 பேர் உயிரிழந்தனர்.

இவற்றின் சின்னங்கள் இன்றும் உள்ளன. சீனன்குடாக் காட்டினிடையே 99 குதங்கள் எஞ்சி நிற்கின்றன. நிலாவெளி வீதியில் யுத்த வீரர் சேமக்காலை இருக்கிறது. ஹேர்மிஸ் கிடக்கும் ஆழ்கடலுக்குச் சுழியோடிகள் தேடி வருகின்றனர். சகாயிங் கப்பலை நமது கடற்படையினர் 2018இல் மேலே கொணர்ந்தனர். உல்லாசப் பிரயாணிகள் இவற்றைக் காண வருவதில் நமக்கு ஆட்சேபம் இல்லை. படகோட்டிக்கும் வண்டிக்காரனுக்கும் விடுதிக்காரனுக்கும் அதனாற் பிழைப்பு உண்டு. ஆனால் வருகின்றவனுக்கு நாம் என்ன சொல்லப் போகிறோம் என்பதே எனது கேள்வி.

குதத்தில் மோதிய விமானியின் கதையை எல்லாருஞ் சொல்கிறார்கள். சேமக்காலையிலோ ஒவ்வொரு கல்லின்மேலும் பெயர் செவ்வையாகப் பொறிக்கப்பட்டிருக்கிறது. புல் வெட்டவும் கல் துடைக்கவும் ஆட்கள் உண்டு. அது போற்றத்தக்க பழக்கம். ஆனால் குண்டு விழுந்தபோது பட்டறையிலே நின்ற தொழிலாளியின் பெயர் எங்கே? குதங்களைக் கட்ட மண் சுமந்தவன் பெயர் எங்கே? பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஊரைவிட்டு ஓடிய தாய்மாரின் பெயர் எங்கே? கல்லில் எழுதப்படாதவர்களை வாயினாலாவது சொல்லிவைக்க வேண்டியவர்கள் இந்த ஊரவர்களாகிய நாம் அல்லவா?

நம்முடைய துறைமுகம் யுத்தத்தை 1942இல் முதன்முதலாகக் கண்டதன்று. 1620களிற் போர்த்துக்கேயர் கோணேசர் கோயிலை இடித்து அந்தக் கற்களாற் கோட்டை கட்டினர். 1639இல் ஒல்லாந்தர் அதைக் கைப்பற்றினர். 1782ஆம் ஆண்டு ஒன்றிலேயே ஆங்கிலேயர் வந்தனர். அவர்களை வென்று பிரெஞ்சுக்காரர் வந்தனர். 1795இல் மீண்டும் ஆங்கிலேயர் பிடித்தனர். கோட்டை வாயிலிலே மீன் சின்னமும் தமிழ்ச் சாசனமும் கொண்ட கல் இன்றும் இருக்கிறது. அதைக் கடந்துதான் கோயிலுக்குப் போகிறோம். நம்மில் எத்தனை பேர் நின்று பார்த்திருக்கிறோம்? நாமே பாராததை அந்நியனுக்கு எப்படிக் காட்டுவது?

இறந்தோரை நினைப்பது நமக்குப் புதிதன்று. இராவணன் தன் தாயின் ஈமக்கடனுக்காக உண்டாக்கியவை கன்னியாவின் ஏழு வெந்நீர்க் கிணறுகள் என்பது ஐதீகம். அங்கே அந்தியேட்டி செய்வது நம் முன்னோர் வழக்கம். இன்று அங்கே குளிக்க வருபவர்களிற் பலர் அதை அறியார். வேடிக்கை வளர்ந்தால் நினைவு தேய்ந்துபோகும் என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டுமா?

மற்றொன்றையும் மறைக்காமற் சொல்ல வேண்டும். 1983 முதல் 2009 வரை நடந்த யுத்தத்தில் தமிழர், முஸ்லிம்கள், சிங்களவர் என்ற பேதமின்றி இம்மாவட்டத்து வீடுகளில் இழவு விழுந்தது. அந்தத் துக்கம் இன்னும் ஆறவில்லை. தூரதேசத்து மாலுமியின் கல்லறையிற் பூ வைப்பவன், அடுத்த தெருவிலே அழுதவளை மறந்தால் அது நினைவுகூரல் ஆகாது, வியாபாரம் ஆகும்.

ஆகையாற் சங்கத்தின் முன் மூன்று வேலைகளை வைக்கிறேன். முதலாவது, 1942ஐக் கண்ட முதியோர் இன்று விரல்விட்டு எண்ணத்தக்கவரே. அவர்களிடமும், பெற்றோர் சொல்லக் கேட்டவர்களிடமும் இளைஞர்கள் ஏட்டோடு சென்று, திகதியும் இடமும் பெயரும் எழுதிவர வேண்டும். இரண்டாவது, வழிகாட்ட விரும்பும் பத்துப் பேரையாவது தேர்ந்து கோட்டை, குதங்கள், சேமக்காலை, கன்னியா ஆகியவற்றின் உண்மை வரலாற்றை மும்மொழியிலுஞ் சொல்லப் பழக்க வேண்டும். கேட்டதும் கற்பனையும் கலவாத வரலாறாக அது இருக்கட்டும். மூன்றாவது, ஆண்டுதோறும் ஏப்ரல் 9இல் மேளமும் பந்தலும் இன்றி, மாலையில் ஒரு விளக்கேற்றி, சேகரித்த பெயர்களை வாசிப்போம். மற்றச் சமயத்தவரையும் அழைப்போம்.

பெரியோர்களே, உங்களிடம் பணம் கேட்க நான் வரவில்லை. உங்கள் ஞாபகத்தையே கேட்கிறேன். இளைஞர்கள் வாசலில் வந்து நின்றால், “அந்தப் பழங்கதை எதற்கு?” என்று திருப்பி அனுப்பாதீர்கள். உட்காரவைத்துச் சொல்லுங்கள்.