ஆடைப் பெயர்களின் வழித்தடம்

(பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)



கூடலூரைக் கடந்து லோயர் கேம்பில், 2013ஆம் ஆண்டு திறக்கப்பெற்ற மணிமண்டபத்தில், கர்னல் ஜான் பென்னிகுயிக்கின் வெண்கலச் சிலை நிற்கிறது. மேற்கே ஓடிய பெரியாற்றின் நீரை 1895இல் மலையைக் குடைந்து கிழக்கே திருப்பிய அப்பொறியாளருக்குக் கம்பம் பள்ளத்தாக்கு மக்கள் சனவரி 15ஆம் நாள் பொங்கலிட்டு வணங்குகின்றனர். சிலையின் மேல் இருப்பது ஆங்கிலேயரின் கோட்டு. சிலையின் முன் பொங்கல் பானையை இறக்கிவைக்கும் பெண்ணின் உடலில் இருப்பது சேலையும் ஜாக்கெட்டும். பென்னிகுயிக்கின் மொழியில் ஜாக்கெட் என்பது கோட்டின் இனத்தைச் சேர்ந்தது. குட்டையான மேலங்கியின் பெயர். அப்பெண்ணின் மொழியில் அது சேலைக்கு உரிய துணை. கடல் கடந்து வந்த சொல் வந்த இடத்தில் வேறு வேலையை மேற்கொண்டுவிட்டது.

ஆங்கில ஆடைச் சொற்கள் தமிழ்க் கவிதைக்குள் நுழையலாமா என்னும் வினா இலக்கிய வட்டங்களுக்குப் புதிதன்று. 'ஜாக்கெட்' என்று எழுதிய கவிஞரை 'இரவிக்கை' என்று திருத்தும் அன்பர் உண்டு. புதுமை வேண்டும் என்பதற்காகவே 'ஜீன்ஸ்' என்றும் 'டீ சர்ட்' என்றும் எழுதுவோரும் உண்டு. முன்னவர் சொல்லின் பிறப்பைப் பார்க்கிறார். பின்னவர் சொல்லின் பகட்டைப் பார்க்கிறார். அந்த உடையை அணிந்திருப்பவர் யார் என்று இருவருமே கேட்பதில்லை. அக்கேள்வியை இவ்வவையின் முன் வைப்பதே இவ்வுரையின் நோக்கம்.

முதலில் பிறப்பைப் பற்றிய கேள்வியைச் சற்றே ஆராய்தல் நலம். திருத்தத்திற்கு எடுத்துக்கொள்ளப்படும் 'இரவிக்கை' தெலுங்கு மொழியின் 'ரவிக'வோடு உறவுடையது. தெலுங்கும் கன்னடமும் வீட்டுமொழியாகக் கொண்ட குடும்பங்கள் பல வாழும் இப்பள்ளத்தாக்கில் இஃது எவருக்கும் வியப்பளிக்காது. இலக்கிய விழாக்களில் கவிஞரின் தோளில் போர்த்தப்படும் 'சால்வை'யும், ஆங்கிலேயர் 'ஷால்' என்பதும் பாரசீக மொழியின் ஒரே சொல்லிலிருந்து கிளைத்தவை. ஒன்றைத் தமிழென்று தோளில் ஏற்று, மற்றதை அயலென்று வாசலில் நிறுத்துவது உடன்பிறந்தாருள் ஒருவரை மட்டும் பந்தியில் அமர்த்துவது போன்றது.

ஆங்கில அகராதியின் ஆடைப் பகுதியைப் புரட்டினால் கீழைநாட்டுச் சந்தைகளே காட்சியளிக்கின்றன. 'காலிகோ' என்னும் பருத்தித் துணியின் பெயர் கோழிக்கோட்டின் பெயர். 'டங்கரி' என்னும் முரட்டு உடை மும்பையின் டோங்கிரிப் பகுதியில் விற்ற துணியிலிருந்து வந்தது. 'பைஜாமா' பாரசீகத்தில் காலுக்குரிய ஆடை. காவலர் உடுக்கும் 'காக்கி' புழுதியைக் குறிக்கும் சொல். 1846இல் பெசாவரில் ஆங்கிலேயர் அமைத்த படையொன்றின் உடைக்கு அந்நிறம் தேர்ந்தெடுக்கப்பட்டது. 'சின்ட்ஸ்' என்னும் பூத்துணியின் பெயர் வடநாட்டு வணிகர் கூறிய 'சீண்ட்' என்பதே. ஆங்கிலேயர் அதன் பன்மையையே ஒருமையெனக் கொண்டுவிட்டனர். பாட்டிமார் 'சீட்டித் துணி' என்றும் 'சீட்டிப் பாவாடை' என்றும் சொல்லிவந்ததும் இக்குடும்பத்துச் சொல்தான்.

திருப்பூருக்குப் பெருமை சேர்த்த 'பனியன்' இன்னும் சுற்றி வந்தது. குசராத்தி மொழியில் வணிகரைக் குறித்த சொல், போர்த்துக்கீசியர் வாயிலாக ஆங்கிலத்தை அடைந்து, வணிகர் அணிந்ததைப் போன்ற தளர்ந்த மேலங்கிக்குப் பெயராயிற்று. பின்னர் உள்ளாடைக்குப் பெயராகித் தமிழுக்கு வந்து சேர்ந்தது. இத்தகைய சொற்களின் வரலாற்றைத் திரட்டி 1886இல் வெளிவந்த ஹாப்சன்-ஜாப்சன் அகராதியின் தொகுப்பாளர் இருவருள் ஒருவரான பர்னெல், தஞ்சையில் நீதிபதியாகப் பணியாற்றியவர்.

ஊரின் பெயரைத் துணிக்கு இடுவது பழந்தமிழர்க்கும் வழக்கமே. கலிங்க நாட்டிலிருந்து வந்த துணி 'கலிங்கம்' ஆயிற்று. காலப்போக்கில் பொதுவாக ஆடையையே குறிக்கலாயிற்று. சித்திரை முழுநிலவன்று மங்கலதேவி கண்ணகி கோயிலுக்கு மலையேறும் இவ்வட்டாரத்தார்க்குச் சிலப்பதிகாரம் நெருக்கமான நூல். அந்நூலுக்கு உரைவகுத்த அடியார்க்கு நல்லார் ஆடை வகைகளை நீண்ட பட்டியலாகத் தருகிறார். அதில் குச்சரி, தேவகிரி போன்ற ஊர்ப்பெயர்த் துணிகளும் இடம்பெறுகின்றன. முல்லைப்பாட்டு, யவனர் அணிந்த சட்டையை 'மெய்ப்பை' என்கிறது. அயலார் உடையைக் கண்ட புலவர் முகஞ்சுளிக்கவில்லை, உற்றுநோக்கினார், பெயரிட்டார்.

ஆங்கிலத்திலிருந்து வந்த சொற்களைத் தமிழர் பெற்றவாறே வைத்துக்கொள்ளவும் இல்லை. 'டவுசர்' அங்கே கணுக்கால் வரை நீளும். இங்கே முழங்காலுக்கு மேல் நின்றுவிடும். 'பெட்டிகோட்' அங்கே பாவாடைக்கு உள்ளே இருப்பது. இங்கே சிறுமியரின் கையில்லா உள்ளாடைக்கும் அதுவே பெயர். 'நிக்கர்' கதை கவிஞர்கள் அறியவேண்டியது. அமெரிக்க எழுத்தாளர் வாசிங்டன் இர்விங் 1809இல் நியூயார்க் நகரத்தின் நகைச்சுவை வரலாறொன்றை நிக்கர்பாக்கர் என்னும் கற்பனைப் பெயரில் வெளியிட்டார். அந்நூலின் ஓவியங்களில் டச்சுக்காரர்கள் முழங்காலளவுக் கால்சட்டையில் காட்சியளித்தமையால் அவ்வுடைக்கு அப்பெயர் ஒட்டிக்கொண்டது. பெயர் சுருங்கியபோது இங்கிலாந்தில் அது பெண்களின் உள்ளாடையைக் குறிக்கலாயிற்று. தமிழ்நாட்டுப் பள்ளிச் சிறுவனின் நிக்கரோ பழைய பொருளுக்கு நெருக்கமாகவே இருந்துவிட்டது. எழுத்தாளர் ஒருவரின் கற்பனைப் பெயர் தேனிச் சிறுவனின் இடுப்பு வரை வந்திருக்கிறது.

தையற்கடைக்குள் நுழைந்தால் இன்னும் பழைய அடுக்கு தென்படும். 'பொத்தான்' போர்த்துக்கீசியச் சொல். பொத்தான் நுழையும் துளைக்குரிய 'காஜா'வும் வீடு என்று பொருள்படும் அம்மொழிச் சொல்லிலிருந்து வந்ததே. காஜா எடுத்துத் தொழில் கற்ற எத்தனையோ சிறுவர்கள் பொத்தானுக்கு வீடு கட்டியிருக்கிறார்கள்! அவ்வாறே வந்த 'லேஞ்சி' ஈழத்தமிழில் நிலைபெற்றது. தமிழகத்தில் 'கைக்குட்டை'க்கு இடம்விட்டது. ஆகவே, தமிழாக்கம் வீண் என்று கூறுவது பிழை. வாழ்பவர் நாவில் ஏறிய தமிழாக்கம் வென்றது. பட்டியலில் மட்டும் இருந்த தமிழாக்கம் பட்டியலிலேயே தங்கிவிட்டது.

இதுவரை கூறியவை சொற்களின் சுவையான பயணம். ஆனால் ஆடைப்பெயர் வெறும் சுவைக்குரியதன்று. மானமும் அதில் அடங்கியுள்ளது.

இங்கிலாந்தில் இந்தியப் பருத்தித் துணியால் தம் பிழைப்புக் கெடுகிறதென்று சினந்த நெசவாளர்கள், 1719இல் இலண்டன் தெருக்களில் காலிகோ அணிந்த பெண்களைத் தாக்கி ஆடையைக் கிழித்தனர். 1721இல் அச்சிட்ட காலிகோவை உடுத்துவதற்கே பெரும்பாலும் தடைவிதித்துச் சட்டம் வந்தது. நெசவாளரின் பசி மெய். அடிபட்டவளோ துணியை வாங்கி உடுத்திய பெண்.

இப்பள்ளத்தாக்கின் மேற்கு மலைக்கு அப்பால் இருந்த திருவிதாங்கூரில் நடந்தது அதனினும் கொடிது. அந்நாட்டின் தென்பகுதியில் நாடார் குலப் பெண்கள் மார்பை மறைத்து மேலாடை அணியத் தடை இருந்தது. 1810களில் கிறித்தவம் தழுவிய பெண்களுக்குக் 'குப்பாயம்' என்னும் சட்டை அணிய இசைவு கிடைத்தது. மேற்குடிப் பெண்களைப் போல் தோள்சீலை அணிவதற்கு இசைவில்லை. கலவரங்களும் வன்முறைகளும் தொடர்ந்தன. சென்னை ஆளுநர் டிரெவெலியன் வற்புறுத்திய பின்னர், 1859 சூலை 26ஆம் நாள் வெளிவந்த அரசாணை நாடார் பெண்கள் அனைவருக்கும் சட்டை அணியும் உரிமையை வழங்கியது. அப்போதும் மேற்குடியினர் உடுத்தும் முறை விலக்கப்பட்டே இருந்தது. குப்பாயம், தோள்சீலை என்னும் இரு பெயர்களுக்கு இடையில் இருந்த தொலைவு ஒரு சமூகத்தின் மானம். சட்டைக்குப் போராடிய பாட்டியின் பேத்தி 'ஜாக்கெட்' என்று சொன்னால் அச்சொல்லைத் திருத்துவதற்கு முன் சிறிது தயங்க வேண்டாவா?

தேனி மாவட்டம் 1996இல் பிரியும்வரை இப்பகுதி மதுரை மாவட்டத்தில் இருந்தது. அம்மதுரையில்தான் 1921 செப்டம்பர் 22ஆம் நாள் காந்தியடிகள் தம் சட்டையையும் குல்லாயையும் துறந்து ஏழை உழவனின் அரையாடைக்கு மாறினார். பத்து ஆண்டுகளுக்குப் பின் அதே உடையைச் சர்ச்சில் அரை நிர்வாணம் என்று இகழ்ந்தார். துணி மாறவில்லை. ஒருவர் அதில் உடுத்தியதைக் கண்டார். மற்றவர் உடுத்தாததைக் கண்டார். பெயரிடுபவர் எங்கே நிற்கிறார் என்பதைப் பெயரே காட்டிக்கொடுத்துவிடுகிறது.

இவையெல்லாம் பழங்கதை என்று ஒதுக்கவும் இயலாது. 2018இல் ஆந்திரத்தின் மேற்குக் கோதாவரி மாவட்டச் சிற்றூரொன்றில், பெண்கள் பகலில் நைட்டி அணிந்தால் 2,000 ரூபாய் தண்டம் என்று ஊர்ப்பெரியவர்கள் விதித்த செய்தி நாளேடுகளில் வந்தது. இரவுக்கென்று ஆங்கிலத்தில் பெயர்பெற்ற உடையைப் பெண்கள் பகலுக்கும் உரியதாக்கிக்கொண்டனர். தோளில் ஒரு துண்டைப் போட்டுக்கொண்டு தெருக்குழாய்க்கும் மளிகைக் கடைக்கும் சென்றனர். அடுப்பங்கரையின் வெக்கையிலும் வீட்டு வேலையிலும் அவ்வுடையின் எளிமையை உணர்ந்தவர்கள் அவர்களே. பெயரைப் பிடித்துக்கொண்டு தண்டம் விதித்தவர்கள் ஊர்ப்பெரியவர்கள்.

இனி, இப்பள்ளத்தாக்கிற்கே திரும்பலாம். விடியுமுன் கம்பத்திலும் போடியிலும் ஜீப்புகள் புறப்படுகின்றன. குமுளி வழியாகவும் கம்பம் மெட்டு, போடி மெட்டு வழியாகவும் இடுக்கி மலையின் ஏலத்தோட்டங்களுக்குப் பெண்கள் வேலைக்குச் செல்கின்றனர். அவர்கள் சேலையின் மேல் அணிந்திருப்பது முழுக்கை வைத்த ஆண் சட்டை. கணவனுடையதாகவோ மகனுடையதாகவோ இருந்து, காலர் நைந்தபின் அவர்களிடம் வந்தது. குளிரையும் கீறலையும் பூச்சிக்கடியையும் அது தடுக்கிறது. தலையில் துண்டு, மழைநாளில் கொங்காணி. இவ்வுடைக்கு ஆங்கிலத்தில் தனிப்பெயர் இல்லை. தமிழ் நிகண்டுகளிலும் இல்லை. அணிபவர்கள் 'சட்டை' என்கிறார்கள். கல்யாண வீட்டுப் பட்டுச்சேலையைப் பாடிய கவிதைகள் ஏராளம். இச்சட்டையைப் பாடியவை எத்தனை?

ஆண்டிபட்டி வட்டாரத்தில் சக்கம்பட்டியும் டி.சுப்புலாபுரமும் நெசவுக்குப் பெயர்பெற்ற ஊர்கள். நெசவாளர் நாவில் பாவும் ஊடையும் தறியும் நாடாவும் புழங்குகின்றன. 'அறுபதாம் நம்பர் நூல்' என்பதும் புழங்குகிறது. 840 கெஜ நீளமுள்ள சிட்டங்கள் எத்தனை சேர்ந்தால் ஒரு பவுண்டு எடை வருகிறதோ, அதுவே நூலின் நம்பர். எண் ஏறஏற நூல் மெலியும். இது ஆங்கிலேயர் வகுத்த கணக்கு. ஆனால் அந்நூலைத் தொட்டவுடன் அதன் நம்பரைக் கூறும் விரல்கள் ஆண்டிபட்டியாருடையவை. 'நம்பர்' என்ற சொல்லை நீக்கினால் தமிழ் தூய்மையடையுமோ என்னவோ, அவ்விரல்களின் அறிவு கவிதையிலிருந்து நீங்கிவிடும்.

எனவே கவிஞர்க்குரிய அளவுகோல், சொல் எந்நாட்டது என்பதன்று. அச்சொல்லை வாழ்வில் புழங்குபவர் யார் என்பதே. வேட்டி கட்டியவரை வேட்டியோடும், லுங்கி கட்டியவரை லுங்கியோடும், நைட்டி அணிந்தவரை நைட்டியோடும் எழுதுக. அழகுக்காக எவர் உடையையும் மாற்ற வேண்டா. பகட்டுக்காக இல்லாத உடையை எவருக்கும் உடுத்தவும் வேண்டா. பிறர் உடுத்தியதைப் பிறர் சொல்லாலேயே அறியும் பொறுமை, மொழிப்பற்றுக்குப் பகையாகாது. அதுவே அதன் உரம்.

பத்து ஆண்டுகளில் இவ்வட்டத்தின் மேடையில் எத்தனையோ தோள்களுக்குச் சால்வை போர்த்தப்பட்டிருக்கிறது. பதினோராம் ஆண்டில், காலர் நைந்த அந்த முழுக்கைச் சட்டையோடு ஏலத்தோட்டத்துப் பெண்ணொருத்தி இவ்வட்டத்தார் கவிதையொன்றில் நடந்து வருவாளாயின், அவள் தன்னை அடையாளங்கண்டு கொள்ளும்படி அக்கவிதை அமைவதாக.