பழவேற்காடு ஏரியைக் காப்போம், பார்க்க வருவோரை வரவேற்போம்!

(பழவேற்காட்டில் மீனவ மக்கள் மத்தியில் நமது கட்சியின் சுற்றுச்சூழல் அணி சார்பில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம். முழுமையாகப் படியுங்கள், பகிருங்கள்.)



முதல்ல நான் செஞ்ச ஒரு தப்பைச் சொல்லிடுறேன். ரொம்ப வருஷம் முன்னாடி, இங்க படகு சவாரி நடந்துகிட்டிருந்த காலம். நண்பர்களோட வந்தேன். தூரத்துல பூநாரைக் கூட்டம். "அண்ணே, இன்னும் கிட்டப் போங்க, பறக்கிறப்போ போட்டோ எடுக்கணும்"னு படகுக்காரரை நச்சரிச்சேன். அவரும் போனார். அத்தனையும் எழும்பிப் பறந்துச்சு. நாங்க கைதட்டினோம். அந்த அண்ணன் சிரிக்கல. "சாப்பிட்டுகிட்டிருந்ததை எழுப்பி விட்டுட்டீங்களே தம்பி"ன்னார். அவ்வளவுதான் சொன்னார். இன்னிக்கும் அது மனசுல உறுத்துது.

இந்த ஏரி சாதாரண ஏரி இல்ல. இந்தியாவுல சிலிகாவுக்கு அடுத்த பெரிய உவர்நீர் ஏரி. பெரும்பகுதி ஆந்திராவுல இருக்கு. நம்ம பக்கம் இருக்கிற பகுதியில 153 சதுர கிலோமீட்டருக்கு மேல 1980ல பறவைகள் சரணாலயமா அறிவிச்சாங்க. பூநாரை, கூழைக்கடா, சங்குவளை நாரை, ஆலா, உள்ளான்னு குளிர்காலம் வந்தா ஏரி நிறைஞ்சு கிடக்கும். பல பறவைங்க பல்லாயிரம் கிலோமீட்டர் தாண்டி வருதுங்க.

ஏன் இங்க வருதுங்க? தண்ணி ஆழமில்ல, சேத்துல சாப்பாடு இருக்கு. பூநாரை தலையைக் கவிழ்த்து அலகால சேத்துத் தண்ணியை வடிகட்டி, சின்னச் சின்ன உயிர்களையும் பாசியையும் தின்னும். அந்தச் சாப்பாட்டுல இருந்து வர்றதுதான் அதோட இளஞ்சிவப்பு நிறம். அந்தச் சாப்பாடு இருக்கணும்னா ஏரிக்குக் கடல் தண்ணியும் வரணும், ஆரணி ஆத்துத் தண்ணியும் வரணும். கடல் தண்ணி வர்ற வழிதான் முகத்துவாரம்.

இது உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்ல. இணையத்துல படிக்கப்போற தம்பிகளுக்காகச் சொல்றேன். இறால் கடல்ல முட்டை போடும். பொடிக் குஞ்சு முகத்துவாரம் வழியா ஏரிக்குள்ள வந்து வளரும். மணல் சேர்ந்து முகத்துவாரம் தூர்ந்துபோச்சுன்னா இறாலும் வராது, மடவையும் வராது. பாடு முறை வெச்சு, ஒருத்தர் பிழைப்பை ஒருத்தர் கெடுக்காம தொழில் பண்ற இந்த மக்களுக்கு அன்னிக்கு வலை காலி. கையால தடவி இறால் பிடிக்கிற இருளர் வீட்டுப் பெண்களுக்குக் கூடை காலி. பறவைக்கும் அதே கதிதான். அப்புறம் எப்படிய்யா பறவையைக் காப்பாத்துறது வேற, மீனவனைக் காப்பாத்துறது வேறன்னு பேசுறீங்க?

நம்ம கரையோரமா மணல் பெரும்பாலும் தெற்கிலிருந்து வடக்கே நகருது. நடுவுல கடலுக்குள்ள கல்லைக் கொட்டினா தெற்கே மணல் மேடாகும், வடக்கே கரை அரிக்கும். எண்ணூர் பக்கம் இதைக் கண்ணால பார்த்தாச்சு. அதனாலதான் காட்டுப்பள்ளி துறைமுகத்தை விரிவாக்கப் போறோம்னதும் இந்த ஊர் ஜனங்க எதிர்த்து நின்னாங்க. அந்தப் பயம் நியாயமான பயம்.

சரி, ஜனங்களை ஏன் இங்க கூப்பிடணும்? கூட்டம் வந்தா குப்பைதானே சேரும்னு நம்ம தோழர்களே கேட்டாங்க. நியாயமான கேள்வி. ஆனா யாருமே பார்க்காத ஏரியை "இது வெறும் சதுப்பு, தரிசு"ன்னு காகிதத்துல எழுதுறது ரொம்பச் சுலபம். பூநாரையைப் பார்த்துட்டுப் போன ஒரு பிள்ளை, நாளைக்கு இந்த ஏரிக்கு ஒண்ணுன்னா கேள்வி கேக்கும். எல்லைக்கு அந்தப் பக்கம் சூளூர்பேட்டையில பூநாரைத் திருவிழா நடத்தி ஆந்திராக்காரங்க ஜனத்தைக் கூப்பிடுறாங்க. ஏரி ஒண்ணுதானே!

ஆனா எப்படி வேணும்னாலும் வரலாம்னு நான் சொல்ல மாட்டேன். 2011 டிசம்பர் 25, கிறிஸ்துமஸ் நாள். சுற்றிப் பார்க்க வந்தவங்க போன படகு கவிழ்ந்து 22 பேர் செத்துப்போனாங்க. அளவுக்கு மீறி ஆள் ஏத்தின படகு, மிதவை உடுப்பு இல்ல. அதுக்கப்புறம் படகு சவாரிக்குத் தடை. தடை போட்டது சரி. அதோட கடமை முடிஞ்சுதா? திருட்டுத்தனமா யாராவது ஏத்திட்டுப் போய் இன்னொரு தடவை கவிழ்ந்தா யார் பொறுப்பு?

நாம கேக்குறது இதுதான். முகத்துவாரத்தைத் தூர் வாருறதுக்கு முன்னாடி மீனவர் பஞ்சாயத்தை உக்கார வெச்சுப் பேசுங்க. மணல் ஓட்டம் அவங்களுக்குத் தெரிஞ்ச அளவுக்கு யாருக்கும் தெரியாது. உள்ளூர் இளைஞர்களுக்குப் பறவை காட்டுற பயிற்சி குடுத்து, வழிகாட்டியா வேலை குடுங்க. படகு விடுறதா இருந்தா மீனவர் சங்கத்துக்கிட்ட குடுங்க. ஆள் கணக்கு, மிதவை உடுப்பு, பறவைக்கு இவ்வளவு தூரம் தள்ளித்தான் போகணும்னு கோடு, எல்லாம் எழுத்துல இருக்கணும். அப்புறம் கழிப்பறை. வர்ற பெண்கள் ஒதுங்க ஒரு நல்ல இடம் இல்லாம என்ன சுற்றுலா?

நம்ம தம்பிகளுக்கு: நவம்பர்ல இருந்து பிப்ரவரிக்குள்ள வாங்க, விடிகாலையில வாங்க. கும்மிடிப்பூண்டி ரயில்ல பொன்னேரி வரைக்கும் வந்தா அங்கிருந்து பஸ். அண்ணாமலைச்சேரி கரையில நின்னே பூநாரை பார்க்கலாம், ஒரு பைனாகுலர் போதும். ட்ரோன் வேண்டாம், பட்டாசு வேண்டாம். முறைப்படி அனுமதி வர்ற வரைக்கும், யார் கூப்பிட்டாலும் படகுல ஏறாதீங்க. டச்சுக்காரங்க கல்லறைத் தோட்டத்தையும் பாருங்க, வாசல்ல கல்லுல செதுக்கின எலும்புக்கூடு ரெண்டு நிக்கும், பிள்ளைங்களுக்குப் பிடிக்கும். மத்தியானம் இந்த ஊர் அக்காங்க கிட்ட மீன் வாங்குங்க, பேரம் பேசாதீங்க. கொண்டுவந்த பிளாஸ்டிக்கைத் திரும்ப எடுத்துட்டுப் போங்க.