கழுத்துக் கருப்பு அழுக்கல்ல



சிலருக்குப் பின்கழுத்தில் தோல் கறுத்துத் தடித்திருக்கும். அக்குளிலும் அப்படியே இருக்கும். அழுக்கு என்று எண்ணி நாரால் தேய்ப்பார்கள். தோல் புண்ணாகும்; கருப்பு போகாது. ஏன்? அது அழுக்கல்ல. பெரும்பாலும் உடம்புக்குள் நடக்கும் ஒரு மாற்றத்தின் அறிகுறி.

அது என்ன மாற்றம்?

சாப்பிடும் சோறும் ரொட்டியும் சர்க்கரையாக மாறி இரத்தத்தில் கலக்கின்றன. அந்தச் சர்க்கரை தசைகளுக்குள் போனால்தான் தெம்பு கிடைக்கும். அதற்குக் கதவைத் திறக்கும் சாவி இன்சுலின். இரைப்பைக்குப் பின்னால் உள்ள கணையம் அதைச் சுரக்கிறது.

சிலர் உடம்பில் பூட்டு இறுகிவிடுகிறது. சாவி எளிதில் திருகுவதில்லை. கணையம் மேலும் மேலும் இன்சுலினைச் சுரக்கிறது. இதுவே இன்சுலின் எதிர்ப்பு நிலை. மிகுதியான இன்சுலின் கழுத்துத் தோலைத் தடிக்கச் செய்கிறது. வலி இருக்காது. ஆண்டுகள் ஓடும். கணையம் களைத்துப்போனால் சர்க்கரை நோய் வரும்.

யார் கவனமாக இருக்க வேண்டும்?

• பெற்றோருக்கோ உடன்பிறந்தவருக்கோ சர்க்கரை நோய் உள்ளவர்கள்.
• கர்ப்ப காலத்தில் சர்க்கரை கூடிய பெண்கள்.
• சினைப்பையில் நீர்க்கட்டி உள்ளவர்கள், மாதவிலக்குத் தள்ளித் தள்ளி வருபவர்கள்.
• இரத்த அழுத்தம் உள்ளவர்கள்.
• நாள் முழுவதும் உட்கார்ந்து வேலை செய்பவர்கள்.
• வயிறு பெருத்தவர்கள்.

தையல் நாடாவால் இடுப்பை அளந்து பாருங்கள். ஆண்களுக்கு 90 சென்டிமீட்டர், பெண்களுக்கு 80 சென்டிமீட்டர். இதைத் தாண்டக் கூடாது.

“ஒல்லியானவருக்கு இது வராது” என்பார்கள். அது தவறு. புனே நகர மருத்துவர் யாஜ்னிக்கும் இங்கிலாந்து மருத்துவர் யுட்கினும் தங்கள் உடம்பையே ஒப்பிட்டு 2004இல் எழுதினார்கள். உயரத்துக்கு ஏற்ற எடை இருவருக்கும் ஒன்றுதான். ஆனால் உடம்பில் இருந்த கொழுப்பு யுட்கினுக்கு நூற்றுக்கு 9 பங்கு. யாஜ்னிக்குக்கு 21 பங்கு. மெலிந்து தெரியும் இந்தியர் உடம்பிலும் கொழுப்பு மறைந்திருக்கும்.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு 2023இல் வெளிவந்தது. நாட்டில் சுமார் 10 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய் உள்ளது என்கிறது அது. மேலும் 13 கோடிக்கு அதிகமானவர்கள் நோயின் வாசலில் நிற்கிறார்கள்.

வாசலில் நிற்பவர் திரும்பி வர முடியும். அதற்கு முதல் வேலை சோதனை. காலையில் வெறும் வயிற்றில் இரத்தம் கொடுங்கள். சர்க்கரை 100க்குக் கீழ் இருந்தால் நல்லது. 100 முதல் 125 வரை என்றால் எச்சரிக்கை. 126 அல்லது அதற்கு மேல் என்றால் சர்க்கரை நோயாக இருக்கலாம். மருத்துவர் மீண்டும் சோதித்து உறுதி செய்வார். 30 வயதைத் தாண்டியவர்களுக்கு அரசு சுகாதார நிலையங்களில் சர்க்கரைச் சோதனை இலவசம்.

அடுத்த வேலை நடை. வாரத்தில் ஐந்து நாளாவது அரை மணி நேரம் வேகமாக நடக்க வேண்டும். உழைக்கும் தசை சர்க்கரையை நன்றாக ஏற்றுக்கொள்ளும். தட்டில் சோற்றைக் குறையுங்கள். கீரை, காய், பருப்பைக் கூட்டுங்கள். டீயில் சர்க்கரையைக் குறையுங்கள். எடை கூடியவர்கள் கொஞ்சம் குறைத்தாலும் பலன் உண்டு.

உங்கள் வீட்டுப் பிள்ளைக்குக் கழுத்துக் கறுத்திருக்கிறதா? திட்டாதீர்கள், தேய்க்காதீர்கள். மருத்துவரிடம் காட்டுங்கள். இன்று காட்டினால் நாளை வரும் நோயைத் தடுக்கலாம்.