நம்பிக்கைக்குரிய பயணி யார்?

(வலிகாமம் வடக்கில் வாசிகசாலை ஒன்றின் கூட்டத்தில் ஆற்றப்பட்ட உரை)



விமான நிலையத்திலே நீண்ட வரிசையில் நில்லாமல் விரைந்து வெளியேறும் வழி ஒன்று இருக்கிறதாமே, அது யாது என்று இவ்வூர் இளைஞர் சிலர் என்னைக் கேட்டனர். சிறிய கேள்விதான். ஆனால் பலாலித் தளத்தின் பொருட்டு 1990ஆம் ஆண்டிலே வீட்டையும் வயலையும் கிணற்றையும் விட்டு வெளியேறிய மக்கள் வாழும் இம்மண்ணிலே, விமான நிலையம் பற்றிய எந்தக் கேள்வியும் சிறிய கேள்வியாக இருத்தல் இயலாது. ஆகவே அதனைச் சற்று விரிவாகவே ஆராய்வோம்.

மூன்று வாயில்கள்

அயல்நாடு செல்லும் பயணி மூன்று வாயில்களைக் கடக்கிறான். பாதுகாப்புச் சோதனை ஒன்று. கடவுச்சீட்டைப் பார்க்கும் குடிவரவு ஒன்று. கொண்டுவரும் பொருளைப் பார்க்கும் சுங்கம் ஒன்று. அரசுகள் பல இன்று ஒரு புதிய முறையைக் கைக்கொண்டுள்ளன. அடிக்கடி பயணஞ் செய்வோரை முன்கூட்டியே ஆராய்ந்து, குற்றமற்றவர் என்று கண்டால், 'நம்பிக்கைக்குரிய பயணி' எனப் பதிவு செய்து, தனி வழியிலே விரைவாக அனுப்புவதே அம்முறை.

அமெரிக்கா 2008இல் 'குளோபல் என்ட்ரி' என்னும் திட்டத்தைத் தொடங்கியது. விண்ணப்பிப்பவரின் குற்றப் பதிவு, சுங்கப் பதிவு, குடிவரவுப் பதிவு ஆகியன ஆராயப்படும். பின்னர் அதிகாரி நேரிற் கண்டு விசாரிப்பார். கைவிரல் அடையாளம் எடுக்கப்படும். ஒப்புதல் கிடைத்தால் ஐந்து ஆண்டுகளுக்கு அது செல்லும். 2024 ஒக்டோபர் முதல் கட்டணம் 120 டொலர். கனடாவும் அமெரிக்காவும் சேர்ந்து நடத்தும் 'நெக்சஸ்' திட்டமும் இத்தகையதே. ரொறன்ரோவில் வாழும் நம்மவர்களிடையே அதனை நன்கறிந்தோர் உளர்.

இந்தியாவும் 2024 ஜூன் மாதத்தில் டெல்லியிலே இம்முறையைத் தொடங்கிற்று. 2025 ஜனவரியில் சென்னை உட்பட ஏழு விமான நிலையங்களுக்கும், அவ்வாண்டு செப்டெம்பரில் திருச்சிராப்பள்ளி முதலிய வேறு ஐந்துக்கும் அது விரிந்தது. கட்டணம் இல்லை. ஆனால் இந்தியக் கடவுச்சீட்டு உடையோரும், இந்தியாவின் கடல்கடந்த குடிமக்கள் என்னும் அட்டை உடையோருமே அதிற் சேரலாம். அது குடிவரவு வாயிலுக்கு உரியது. சுங்க வாயிலைத் திறந்துவிடுவதன்று.

பலாலியிலிருந்து பறக்கும் விமானம் எங்கே இறங்குகிறது? சென்னையிலும் திருச்சியிலும் அன்றோ! அவ்விரு நகர்களிலும் விரைவு வாயில் இருக்கிறது. ஆனால் இலங்கைக் கடவுச்சீட்டை மட்டும் கையில் வைத்திருக்கும் யாழ்ப்பாணத்துத் தமிழனுக்கு அவ்வாயில் திறவாது.

ஒரு வீட்டுப் பிள்ளைகள்

போர் நம்மை உலகெங்குஞ் சிதறடித்தது. ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள் மூவர் என்று வைத்துக்கொள்வோம். மூத்தவன் கனடாக் குடிமகன்; நடுவில் உள்ளவள் சுவிற்சர்லாந்துக் குடிமகள்; இளையவன் தாயோடு ஊரிலேயே இருந்துவிட்டான். மூவரும் ஓர் உறவினரின் திருமணத்துக்காக நியூயோர்க் சென்று இறங்குகின்றனர். மூத்தவன் நெக்சஸ் அட்டையோடு சில நிமிடங்களில் வெளியேறுகிறான். தங்கையும் குளோபல் என்ட்ரியிற் சேரத் தகுதியுடையவள். ஏனெனில் சுவிற்சர்லாந்து அப்பட்டியலில் உண்டு. இலங்கை அப்பட்டியலில் இல்லை. எனவே இளையவன் மட்டும் நீண்ட வரிசையில் நிற்கிறான். மூவருள் இளையவன் எவ்வகையிற் குறைந்தவன்? ஊரை விட்டு ஓடாததுதான் அவன் செய்த குற்றமா?

நம்பிக்கை மனிதனின் ஒழுக்கத்தைப் பார்த்து அளிக்கப்படுகிறது என்கிறார்கள். உண்மையில் முதலிற் பார்க்கப்படுவது அவன் கையிலுள்ள கடவுச்சீட்டின் நிறமே. ஒழுக்கம் அதற்குப் பின்னர்தான் வருகிறது.

நாம் கண்ட பாஸ் முறை

'நம்பிக்கைக்குரிய பயணி' என்ற சொல் நம் செவிக்குப் புதிதன்று. வேறு பெயரிலே அதன் கொடுமையை அனுபவித்தவர் நாம். தொண்ணூறுகளிலே குடாநாட்டை விட்டு வெளியேற இயக்கத்திடம் பாஸ் பெற்றோம். பிணைக்கு ஆள் நிறுத்தினோம். 1996க்குப் பின் அரச படையிடம் பாஸ் பெற்றோம். வவுனியாவிலே காத்துக்கிடந்தோம். ஓமந்தையிலும் முகமாலையிலும் பெட்டியைத் திறந்து காட்டி, இறங்கி நடந்து, மீண்டும் ஏறினோம். நோயாளி மருத்துவமனைக்குச் செல்வதற்கும், மகன் தந்தையின் ஈமக்கடனுக்குச் செல்வதற்கும் நம்பத்தக்கவர் என்ற சீட்டு வேண்டியிருந்தது. அச்சீட்டை மறுத்தவர் காரணம் கூறியதில்லை. நாமும் கேட்கத் துணிந்ததில்லை.

போர் முடிந்த பின்னரும் பட்டியல்கள் ஓய்ந்தனவா? 2014 மார்ச்சில் 16 அமைப்புகளையும் 424 பேரையும் அரசு வர்த்தமானியில் வெளியிட்டுத் தடைசெய்தது. 2015இல் அவர்களுட் பலர் நீக்கப்பட்டனர். 2021இல் மீண்டும் சேர்ப்புகள் நிகழ்ந்தன. ஆட்சி மாறும்போது நம்பத்தக்கவரும் நம்பத்தகாதவரும் மாறுவாராயின், அங்கே அளக்கப்படுவது பயணியின் ஒழுக்கமா, ஆட்சியாளரின் மனநிலையா?

விரைவு வாயில் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. முதியோர்க்கும் நோயாளர்க்கும் கைக்குழந்தையோடு வரும் தாய்மார்க்கும் நெடுநேரம் நிற்பது பெருந்துன்பம். துன்பத்தைக் குறைக்கும் எந்த முறையும் வரவேற்கத்தக்கதே. ஆனால் நம்புவோர் பட்டியல் எங்கே தொடங்குகிறதோ, அங்கேயே நம்பாதோர் பட்டியலும் தொடங்குகிறது. அந்த இரண்டாவது பட்டியலுக்கு நீதியின் காவல் வேண்டும் என்பதே என் வாதம்.

நம் கடமையும் உண்டு

பிறரை மட்டும் குறை கூறி அமைதல் நேர்மையாகாது. சுங்க வாயிலில் நம்மவர் சிலர் செய்யும் தவறுகளையும் கூறவே வேண்டும். நகையை உடலில் மறைத்துக் கொண்டுவருவோர் உளர். அவர் ஒருவர் அகப்பட்டால், அடுத்த விமானத்தில் வரும் நூறு பேரின் பெட்டிகளும் கிளறப்படுகின்றன.

இன்னொன்று. தாய் கட்டிக்கொடுக்கும் ஒடியலும், கருவாடும், கறுத்தக்கொழும்பான் மாம்பழமும் அன்பின் சின்னங்கள், மறுப்பார் யார்? ஆயினும் பழத்தையும் இறைச்சியையும் பற்றி ஒவ்வொரு நாடும் கடுஞ் சட்டம் வைத்திருக்கிறது. இருப்பதை இருக்கிறது என்று எழுதிக் கொடுப்பது குற்றமன்று, மறைப்பதே குற்றம். தவறாக அறிவித்தால், நம்பிக்கைக்குரிய பயணி என்ற பதிவே இரத்தாகிவிடலாம். விரைவு வாயில் சோதனையிலிருந்து விடுதலையன்று என்பதை அட்டை உடையோர் நினைவிற் கொள்க. முன்பின் அறியாதவர் தரும் பொட்டலத்தை, ஊரவர் என்ற ஒரே காரணத்துக்காகச் சுமந்து செல்லாதீர்கள். திறந்து பார்க்காத பொட்டலத்துக்கு நீங்கள் பிணை நிற்றல் ஆகாது.

நாம் கேட்பது

1947 டிசம்பரில் எயார் சிலோனின் முதல் விமானம் இரத்மலானையிலிருந்து புறப்பட்டு, நம் குடாநாட்டில் இறங்கியே சென்னை சென்றது. 1964 டிசம்பர்ப் புயல் தனுஷ்கோடியை அழிக்கும்வரை, தலைமன்னாருக்குக் கப்பலும் இரயிலும் இணைந்து ஓடின. நெடுங்காலம் அடைபட்டுக் கிடந்த பலாலி 2019 ஒக்டோபர் 17இல் யாழ்ப்பாணச் சர்வதேச விமான நிலையமாகத் திறந்தது. பெருந்தொற்றால் மூடி, 2022 டிசம்பரில் மீண்டும் இயங்கிற்று. 2023 ஒக்டோபரில் நாகபட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்குக் கப்பலும் வந்தது. ஆகவே நாம் கேட்பது சலுகையன்று. பழைய உறவின் தொடர்ச்சி.

முதலாவது, பலாலியிலும் காங்கேசன்துறையிலும் சுங்க விதிகளும் படிவங்களும் விளக்கங்களும் தமிழில் இருத்தல் வேண்டும். தமிழ் தெரிந்த அதிகாரிகள் கடமையில் இருத்தல் வேண்டும். 1987இன் பதின்மூன்றாவது திருத்தம் தமிழையும் ஆட்சிமொழியாக்கியது. வாயிலில் நிற்கும் மூதாட்டிக்கு அது விளங்காவிடின், ஏட்டிலுள்ள சட்டத்தால் யாது பயன்?

இரண்டாவது, இத்தகைய திட்டத்தை இலங்கை வகுக்கும்போது, மறுக்கப்படும் ஒவ்வொருவருக்கும் காரணம் எழுத்தில் தரப்பட வேண்டும். மேன்முறையீட்டுக்கு வழி வேண்டும். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டம் விமான நிலையத்தின் வாயிலில் நின்றுவிடலாகாது.

மூன்றாவது, பாக்கு நீரிணையின் இரு கரைகளுக்குமிடையே அடிக்கடி சென்றுவரும் மாணவருக்கும் நோயாளருக்கும் சிறு வணிகருக்கும் விரைவு வாயிலைத் திறக்க, இலங்கை அரசு இந்திய அரசுடன் பேச வேண்டும். அதனை நம் பாராளுமன்ற உறுப்பினர்கள் சபையிலே வலியுறுத்த வேண்டும்.

அன்பர்களே! விரல் அடையாளத்தையும் முகத்தையும் இயந்திரம் அறிந்துகொள்ளும். அதைக் கொண்டு நம்புவதா ஐயுறுவதா என்று முடிவு செய்பவன் மனிதனே. அந்த மனிதன் சட்டத்துக்குக் கட்டுப்பட்டவனாக இருக்கட்டும். பிறந்த ஊரையும் பேசும் மொழியையும் பாராது நடத்தையைப் பார்க்கட்டும். அந்நாள் வருமாயின், வரிசையில் சற்று நேரம் நிற்பதும் நமக்குத் துன்பமாகத் தோன்றாது. அந்நாள் வரும்வரை கேட்டுக்கொண்டே இருப்போம்.